மூணு கேள்வி கேக்காம மூவாயிரம் ரூவா பில்லு!

காலையில வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அது வண்டியோட பிரச்சினை. அதைத் தள்ளிட்டுப் போயி பிளக், காயில், பேட்டரி, கார்புரேட்டர்னு வரிசையா மாத்தி, மூவாயிரத்துக்குப் பில்லு கட்டிட்டு வந்து, அடுத்த வாரமும் அதே வாசல்ல நின்னு உதைச்சிட்டிருந்தா அது வண்டியோட பிரச்சினை இல்லீங்க. நம்ம ஊர்ல 'ரிப்பேர்'ங்கற வார்த்தைக்கு அர்த்தமே மாறிப்போச்சு, அதுதான் பிரச்சினை.

ரிப்பேர்னா என்ன? எது கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் சரி பண்றது. இப்ப நடக்கறது என்ன? கைக்கு எட்டுனதை எல்லாம் கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டறது. அதுல ஒண்ணு குறி தப்பாம பட்டுச்சுன்னா 'நம்ம கைராசி'. படலைன்னா 'வண்டி பழசாயிருச்சுண்ணே, குடுத்துட்டு புதுசு எடுத்துருங்க'. இருட்டுல கல்லெறியறதுக்குப் பேரு வைத்தியமா?

கொஞ்சம் காரமாத்தான் எழுதப்போறேன். பொறுத்துக்கங்க மக்கா.

இது ஏதோ பொழுதுபோகாதவன் புலம்பல்னு நினைக்காதீங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கும் பரவை காய்கறி மார்க்கெட்டுக்கும் விடியறதுக்கு முன்னாடி போய்ப் பாருங்க. எக்ஸ்.எல். வண்டியில முன்னாடி ஒரு மூட்டை, பின்னாடி ரெண்டு மூட்டைன்னு கட்டிட்டுப் பறக்கறவங்களப் பாருங்க. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துலேருந்து பால் கேனோட வர்றவங்களப் பாருங்க. அவங்களுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா அன்னிக்குப் பொழப்பே ஸ்டார்ட் ஆகல. ஆபீஸ் போறவனுக்கு ஒரு ஷேர் ஆட்டோ இருக்கு. எண்பது கிலோ கத்திரிக்காய்க்கு என்ன இருக்கு? அந்த ஆள்கிட்ட போயி தேவையில்லாத ஒரு கார்புரேட்டரைத் தலையில கட்டறது சின்ன விஷயமா?

அதுவும் எந்த ஊர்ல? டி.வி.எஸ். பொறந்த ஊர்ல. 1912ல டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட ஊரு இது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பெட்ரோல் கிடைக்காம போனப்ப, கரியை எரிச்சு வர்ற வாயுவுல வண்டி ஓட்டற 'கேஸ் பிளான்ட்'டைச் செஞ்ச கம்பெனி அது. பெட்ரோலே இல்லாம வண்டிய ஓட்ட வழி கண்டுபிடிச்ச ஊர்ல, டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் வண்டி ஏன் கிளம்பலைன்னு கண்டுபிடிக்க ஆளைத் தேட வேண்டியிருக்கு. வெளங்கிரும்!

சரி, திட்டறதுக்கு முன்னாடி மேட்டரை ஒழுங்காச் சொல்லிடறேன்.

பெட்ரோல் எஞ்சின் ரொம்ப நேர்மையான ஜீவன். அதுக்குத் தேவை மூணே மூணு. சரியான அளவு காத்தோட கலந்த பெட்ரோல் உள்ள வரணும். சரியான நேரத்துல ஸ்பார்க் அடிக்கணும். உள்ள அமுக்கம் (அதான் கம்ப்ரஷன்) இருக்கணும். இந்த மூணும் இருந்தா அது கிளம்பியே தீரும். கிளம்பலைன்னா மூணுல ஒண்ணு இல்ல. அம்புட்டுத்தேன். ஆக கேக்க வேண்டிய கேள்வியும் மூணுதான்.

அதுக்கும் முன்னாடி ஒரு அரைக்கேள்வி: ஹேண்டில்ல இருக்கற சிவப்பு சுவிட்ச் ஆஃப்ல இருக்கா? சைடு ஸ்டாண்டு போட்டபடியே இருக்கா? டேங்க்ல எண்ணெய் இருக்கா? சிரிக்காதீங்க. சிவப்பு சுவிட்ச்சை எந்தப் பொடியனோ தட்டிவிட்டுப் போக, அரை கிலோமீட்டர் வண்டியத் தள்ளிட்டு வர்ற ஆளுங்க இந்த ஊர்ல நிறையவே உண்டு :-)

கேள்வி 1: பெட்ரோல் வருதா?

பத்து உதை உதைச்சிட்டு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. முனை காஞ்சு கிடந்தா பெட்ரோல் உள்ள வரல. ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, ஆனா எரியல. இந்த ஒரு சோதனைக்குச் செலவு ஒரு பிளக் ஸ்பானர், ரெண்டு நிமிஷம். பாதிப் பிரச்சினை இதுலயே ஒதுங்கிரும். காஞ்சிருந்தா காயிலைப் பத்தி அப்ப யோசிக்கவே வேண்டாம். ஈரமா இருந்தா பெட்ரோல் டியூபை நோண்ட வேண்டாம்.

வரலைன்னா டேங்க்லேருந்து கீழ வரணும். மொதல்ல டேங்க் மூடியத் திறந்து வச்சுட்டு உதைச்சுப் பாருங்க. மூடியில காத்துப் போற சின்ன ஓட்டை அடைச்சிருந்தா, உள்ள வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது. இந்தப் புழுதிக்கு அது சகஜம். அடுத்து டியூபைக் கழட்டி ஓட்டம் பாருங்க. அடுத்து கார்புரேட்டர் அடியில இருக்கற டிரெயின் ஸ்குரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிங்க. அடியில தனியா ஒரு அடுக்கு நின்னா தண்ணி. பொடிப்பொடியா பழுப்பா கிடந்தா டேங்க் துரு. ஸ்லோ ஜெட்டோட ஓட்டை மயிரிழை அளவுதான். அதுல ஒரு துகள் உட்கார்ந்தா போதும், வண்டி ஓடும்போது நல்லா ஓடும், காலையில ஸ்டார்ட் பண்ண மட்டும் உசுரை வாங்கும். சுத்தம் பண்ண வேண்டிய ஜெட்டுக்காக முழு கார்புரேட்டரையே மாத்தறது, மூக்கு அடைச்சதுக்கு மூக்கையே மாத்தற கதை.

கேள்வி 2: ஸ்பார்க் அடிக்குதா?

பிளக்கைக் கேப்ல மாட்டி, அதோட இரும்புப் பகுதி எஞ்சின் மேல படற மாதிரி வச்சு உதைச்சா பொறி தெரியணும். நீலமா, 'டிக் டிக்'குன்னு சத்தத்தோட. மஞ்சளா சோம்பேறித்தனமா வந்தா சந்தேகம். (ஜாக்கிரதை: பிளக் ஓட்டையிலேருந்து தள்ளி வைங்க, பக்கத்துல பெட்ரோல் சிந்தியிருக்கக்கூடாது. புது இன்ஜெக்ஷன் வண்டியில இந்த விளையாட்டே வேண்டாம், தெரிஞ்ச ஆள் பாக்கட்டும்.) பொறி இல்லைன்னா முதல் சந்தேகம் பிளக், அடுத்து பிளக் கேப், அடுத்து வயர், அதுக்கப்புறம்தான் காயில், சிடிஐ. விலை கம்மியில ஆரம்பிச்சு மேல போகணும். நம்ம ஆளுங்க மேலேருந்து கீழ வர்றாங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும்.

கேள்வி 3: அமுக்கம் இருக்கா?

பிளக் ஓட்டையில கட்டை விரலை அழுத்தி வச்சு ஒருத்தர் உதைச்சா, விரலைத் தள்ளிவிடணும். தள்ளலைன்னா பிஸ்டன் ரிங்கு, சிலிண்டர், இல்ல டேப்பட். டேப்பட் இடைவெளி நாளாக நாளாகக் குறைஞ்சிட்டே வந்தா வால்வு முழுசா மூடாது, அமுக்கம் அந்த வழியா ஓடிரும். சூடானா இன்னும் மோசம். 'காலையில கிளம்புது, வெயில்ல நிறுத்திட்டு வந்தா கிளம்பல'ங்கற புகார்ல டேப்பட்டைப் பாக்காம எதை மாத்தினாலும் வீண். அதைச் சரி பண்ணத் தேவை ஒரு ஸ்பானர், ஒரு ஃபீலர் கேஜ். புதுசா எதுவும் வாங்க வேண்டியதில்ல. அதனாலதான் பில்லுல அது வர்றதே இல்ல!

இப்ப ஒரு உதாரணம். 2024 அக்டோபர் 25 மழை ஞாபகம் இருக்கா? செல்லூர் பக்கம் வீட்டுக்குள்ளயே தண்ணி புகுந்துச்சே. சித்தப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர் அந்தத் தண்ணியில நின்னுச்சு. வடிஞ்சப்புறம் கிளம்பல. ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிட்டுப் போனாங்க (பேர் வேண்டாம்). அரை மணி நேரத்துல எஸ்டிமேட் வந்துருச்சு: கார்புரேட்டர் முழுசா, காயில், பேட்டரி. 4,850 ரூவா. வண்டியில ஒரு ஸ்குரூ கூட கழட்டாம!

அந்த எஸ்டிமேட்டைப் பாத்ததுமே எனக்குப் பத்திக்கிச்சு. ஏன் தெரியுமா? அந்த வண்டிக்கு ஸ்பார்க் வர்றது பேட்டரியிலேருந்தே இல்ல. மேக்னட்லேருந்து நேரா சிடிஐக்குக் கரண்ட் போற பழைய அமைப்பு. பேட்டரியைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு உதைச்சாலும் அது ஓடும். ஹாரன், இண்டிகேட்டர் வேணும்னா சத்தமில்லாம போகும். ஸ்டார்ட் ஆகாத கிக்கர் வண்டிக்குப் பேட்டரி எழுதுனது, கால்வலின்னு போனவனுக்குக் கண்ணாடி எழுதின மாதிரி.

அங்கேருந்து சிம்மக்கல் பக்கம் மரத்தடியில உட்கார்ந்து வேலை பாக்கற ஒரு பெரியவர்கிட்ட வந்துச்சு வண்டி. போர்டு கிடையாது, ஏசி கிடையாது. பிளக்கைக் கழட்டினார், பாத்தார். டிரெயின் ஸ்குரூவைத் திறந்து டீ கிளாஸ்ல பிடிச்சு வெயிலுக்கு நேரா தூக்கிக் காட்டினார். அடியில கலங்கலா ஒரு அடுக்கு. "எண்ணெயில தண்ணி நிக்கிது பாருங்க தம்பி. டேங்க் மூடியச் சுத்தி மழைத்தண்ணி வடியற ஓட்டை அடைச்சுக் கிடக்கு. மேல விழுந்த தண்ணி அம்புட்டும் உள்ளதேன் போயிருக்கு". டேங்கை முழுசா வடிச்சு, கார்புரேட்டரைக் கழுவி, அந்த ஓட்டையில கம்பிய விட்டுக் குத்தி, பிளக்கைக் காய வச்சு மாட்டினார். நாலாவது உதையில கிளம்பிருச்சு. கூலி 250.

கதை இங்க முடியல. சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? "என்னண்ணே, ஒண்ணுமே மாத்தலையே, 150 வாங்கிக்கங்க".

இதுதாங்க என்னோட கோபத்தோட மையம். பார்ட்டுக்கு ரெண்டாயிரம்னா வாயை மூடிட்டுக் குடுக்கறோம். கண்டுபிடிச்ச அறிவுக்கு 250 குடுக்க பேரம் பேசறோம். அப்புறம் எப்படிங்க கண்டுபிடிக்கறவன் பொழைப்பான்? மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? யோசிச்சுப் பாத்து அரை மணி நேரம் செலவழிச்சா அவனுக்கு 100, 200. யோசிக்காம பார்ட் மாத்தினா கமிஷனும் கிடைக்கும், கூலியும் கிடைக்கும், 'பெரிய வேலை பாத்தாரு'ங்கற பேரும் கிடைக்கும். அறிவுக்கு அபராதம், அவசரத்துக்குப் பரிசு. இந்தக் கணக்கை வச்சுக்கிட்டு நல்ல மெக்கானிக் இல்லைன்னு புலம்பறது நியாயமா? மரத்தடிப் பெரியவர்கிட்ட தொழில் கத்துக்க ஏன் ஒரு பையனும் வரலைன்னு இப்ப புரியுதா?

அடுத்து, எல்லாப் பழியையும் எத்தனால் மேல போடற கோஷ்டி. 2025லேருந்து பங்க்ல போடற சாதா பெட்ரோலே 20 சதம் எத்தனால் கலந்த இ20 ஆயிருச்சு. இதுல நியாயமான குறை இருக்கு. எத்தனாலுக்கு ஒரு லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு கம்மி. நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயே பழைய டூவீலருக்கு 3 - 4 சதம் மைலேஜ் குறையும்னு எழுதியிருக்கு. எத்தனாலுக்குக் காத்து கம்மியாப் போதும். பழைய பெட்ரோலுக்கு ஜெட் வச்ச கார்புரேட்டர் காத்தைக் குறைக்காது, அதனால கலவை மெலிஞ்சு போகும், குளிர்ந்த எஞ்சின் கிளம்ப இன்னும் அடம் பிடிக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல தண்ணி சேர்ந்தா எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா சேர்ந்து அடியில இறங்கிரும். லிட்டருக்கு 200 மில்லி எத்தனால் இருக்கறதால அந்த அடுக்கும் பெருசாவே இருக்கும். பெட்ரோல் குழாய் எங்கேருந்து உறிஞ்சும்? அடியிலேருந்துதான். அந்த டீ கிளாஸ்ல நின்னதும் வெறும் தண்ணி மட்டும் இல்ல, இந்தக் கூட்டணிதான். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல டியூபு, சீலு எல்லாம் இ20க்குத் தாங்கற மாதிரி செஞ்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி வாங்கின கோடிக்கணக்கான பேரு என்ன செய்யணும்? பங்க்ல வேற சாய்ஸ் இருக்கா? 2025 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டுக்கே போயி, அந்த மனு தள்ளுபடியாயிருச்சு.

ஆனா அதுக்காக டேப்பட் டைட்டா இருக்கற வண்டியையும், மூணு வருஷமா பிளக் மாத்தாத வண்டியையும் காட்டி 'எல்லாம் இ20 பண்ற வேலைண்ணே'ன்னு சொன்னா? அதுவும் அதே வியாதிதான். சோதிக்காமலே குற்றவாளியக் கண்டுபிடிக்கற வியாதி. சந்தேகம்னா ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் ஆடாம வைங்க. அடுக்கு பிரிஞ்சா திட்டுங்க. பிரியலைன்னா அடுத்த கேள்விக்குப் போங்க.

இப்ப கம்பெனிகளுக்கு வர்றேன்.

பழைய புல்லட்ல ஒரு ஆம்மீட்டர் இருக்கும், பாத்திருப்பீங்க. கிக்கரை மெதுவா இறக்கி, முள்ளு நடுவுக்கு வர்ற இடத்தைப் பிடிச்சு, டீகம்ப்ரஷன் லிவரை அமுக்கி, கொஞ்சம் தாண்டவிட்டு, ஒரே உதை. பிஸ்டன் எங்க நிக்குதுன்னு வண்டியே ஓட்டறவனுக்குச் சொன்ன காலம் அது. 2020 ஏப்ரல் 1ல பி.எஸ்.6 வந்துச்சு, கார்புரேட்டர் போயி இன்ஜெக்ஷன் வந்துச்சு. புகை குறைஞ்சது நல்லது, அதை நான் எதிர்க்கல. 2021ல வந்த புது கிளாசிக் 350ல கிக்கரே இல்ல. பேட்டரி இல்லாம பம்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யாது, கிக்கர் எதுக்குன்னு கேக்கறாங்க. அதுலயும் பாதி நியாயம் இருக்கு. ஆனா பேட்டரி சுத்தமா சாகாம, செல்ஃப் மோட்டாரைச் சுத்தற தெம்பு மட்டும் இல்லாம கிடக்கற காலை எத்தனை! அப்ப ஒரு கிக்கர் இருந்தா பொழப்பு ஓடிருக்கும்ல?

சரி, கிக்கர் போகட்டும். தகவல் எங்க? புது வண்டியில என்ன கோளாறுன்னு வண்டிக்கே தெரியும். எந்த சென்சார் சொதப்புதுன்னு கம்ப்யூட்டர் கோடு போட்டு வச்சிருக்கும். அந்தக் கோடைப் படிக்கற கருவி, அதோட அர்த்தம், சர்வீஸ் மேனுவல், எல்லாம் கம்பெனிக்கும் டீலருக்கும் நடுவுல பூட்டு போட்டு வச்சிருக்கு. காசு போட்டு வாங்கின எனக்கு குடுக்கற புத்தகத்துல 'அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும்'னு ஒரு வரி! என் வண்டியோட வியாதி எனக்கே ரகசியமா?

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012லயே ஓட்டெடுப்பு வச்சு, கார் ரிப்பேர் தகவலை வெளி மெக்கானிக்குக்கும் குடுக்கணும்னு சட்டமாக்கினாங்க. நம்ம மத்திய அரசு 2022 டிசம்பர்ல 'ரிப்பேர் செய்யும் உரிமை'ன்னு ஒரு வலைத்தளம் திறந்துச்சு. வண்டிகளும் அதுல ஒரு பிரிவு. நல்ல ஆரம்பம்தான். ஆனா வலைத்தளம் சட்டம் ஆகாது. கம்பெனி இஷ்டப்பட்டாக் குடுக்கறது பேரு உரிமை இல்ல, தானம்.

அதனால என்ன செய்யலாம்? நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல.

1. எஸ்டிமேட் நீட்டினா, 'பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன், மூணுல எது இல்ல? எப்படிப் பாத்தீங்க?'ன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா வண்டிய வெளிய எடுங்க.

2. மாத்தின பழைய பார்ட்டைக் கையில வாங்குங்க. அது உங்க சொத்து. திருப்பிக் குடுக்கணும்னு தெரிஞ்சாலே பாதி பார்ட்டு மாறாது.

3. ஒரே நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தச் சொல்லுங்க. நாலு சேர்த்து மாத்தினா எது குற்றவாளின்னு ஜென்மத்துக்கும் தெரியாது.

4. இன்ஜெக்ஷன் வண்டியா? சாவி போட்டதும் ரெண்டு மூணு விநாடி 'உய்ய்ங்'னு பம்ப் சத்தம் வருதான்னு காது குடுங்க. எஞ்சின் லைட் அணையுதான்னு பாருங்க. பேட்டரி வோல்ட்டை மீட்டர் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் நிக்கணும். மீட்டர் வைக்காம பேட்டரி செத்துருச்சுன்னு சொல்றவர் ஜோசியர், மெக்கானிக் இல்ல.

5. இதுதான் முக்கியம். கோளாறைக் கண்டுபிடிச்சவனுக்குக் கண்டுபிடிச்சதுக்காகவே காசு குடுங்க. ஒரு பார்ட்டும் மாத்தாம வண்டியக் கிளப்பிக் குடுத்தா பேரம் பேசாம, கூட ஒரு அம்பது சேர்த்துக் குடுங்க.

கம்பெனி மேனுவலைத் திறக்க எத்தனை வருஷம் ஆகுமோ தெரியல. அஞ்சாவதுக்கு எந்தச் சட்டமும் வேண்டாம், எந்தக் கோர்ட்டும் வேண்டாம். நாளைக்கு காலையிலயே ஆரம்பிக்கலாம். வண்டி ஸ்டார்ட் ஆகுதோ இல்லையோ, இது ஸ்டார்ட் ஆகட்டும்.

டிஸ்கி: சித்தப்பா கடைசியில 250ஐயும் குடுத்துட்டார். நான் பக்கத்துலயே நின்னேன்ல :-)